ரயிலில் கழன்ற முகமூடி: ‘ஸ்பைடர்-மேன் 2’ படமும் பழைய இதழ்களும்

மே 9, இரவு

ஒரு வாசகர் இப்படிக் கேட்டிருக்கிறார்: “‘ஸ்பைடர்-மேன் 2’ காமிக்ஸை அப்படியே திரைக்குக் கொண்டுவந்த படம் என்று ஆளாளுக்குச் சொல்கிறார்கள். எனக்குத் தெரிந்து அதில் காமிக்ஸிலிருந்து வந்தது குப்பைத்தொட்டி ஷாட் ஒன்றுதான். மீதியெல்லாம் ஹாலிவுட்காரர்கள் சேர்த்த சரக்கு. இல்லையென்று யாராவது காட்ட முடியுமா?”

காட்டலாம். சாம் ரெய்மியின் அந்த 2004 படத்தை இப்போதுதான் மறுபடி பார்த்து முடித்தேன், அந்தச் சூட்டோடு எழுதுகிறேன்.

குப்பைத்தொட்டி ஷாட் வந்தது ‘அமேஸிங் ஸ்பைடர்-மேன்’ 50-ஆம் இதழிலிருந்து. 1967 ஜூலை. எழுத்து ஸ்டான் லீ, ஓவியம் ஜான் ரொமிட்டா. ஒரு முழுப்பக்கச் சித்திரம்: சந்தில் மழை, முன்னால் குப்பைத்தொட்டி, அதன் விளிம்பில் தொங்கும் உடையும் முகமூடியும், தூரத்தில் முதுகைக் காட்டி நடந்துபோகும் பீட்டர் பார்க்கர், அதாவது முகமூடி இல்லாத ஸ்பைடர்-மேன். ரெய்மி கேமராவை வைத்த இடமும் ஏறக்குறைய அதுவேதான். படம் பார்த்தவர்கள் அந்தப் பக்கத்தைப் புரட்டினால் ஒரு நொடி கை நின்றுவிடும். இதுவரை கேட்டவர் சொல்வது சரி.

ஆனால் அந்தப் பக்கத்துக்கு முன்னும் பின்னும் என்ன நடக்கிறது என்று பார்த்தால், படமும் 50-ஆம் இதழும் ஒன்றுக்கொன்று விலகிப்போகின்றன. படம் வேறு இதழ்களுக்குள் போய்விடுகிறது. அவை எவை என்பதுதான் சுவாரஸ்யம். நாளை விரிவாக எழுதுகிறேன்.

மே 10

முதலில் 50. அதில் பீட்டருக்கு சக்தி போகவில்லை. அவனை வளர்த்த ஆன்ட்டி மேயின் உடல்நிலை, குறைந்துகொண்டே போகும் மதிப்பெண்கள், பத்திரிகை முதலாளி ஜேமிசன் நடத்தும் அவதூறு எல்லாம் சேர்ந்து “போதும்” என்று முடிவெடுக்கிறான். அது மூளை எடுத்த முடிவு. கைகால்கள் அப்படியேதான் இருக்கின்றன. சாதாரண உடையில் போகும்போது ஒரு காவலாளியை ரவுடிகள் அடிப்பதைப் பார்க்கிறான், பாய்ந்துபோய்க் காப்பாற்றுகிறான். அந்த வயதான முகத்தில், திருடனால் கொல்லப்பட்ட அங்கிள் பென்னின் சாயல் தெரிகிறது. அவ்வளவுதான், திரும்பிவிட்டான். விலகியதும் திரும்பியதும் ஒரே இதழுக்குள். அந்த இதழிலேயே கிங்பின் என்ற புது வில்லன் வேறு அறிமுகமாகிறான். இடம் எங்கே இருக்கிறது?

படத்தில் உடம்புதான் முதலில் மறுக்கிறது. கையிலிருந்து வலை வரவில்லை, சுவரில் ஒட்டிய விரல் வழுக்குகிறது, கண் மங்கிப் பழைய கண்ணாடியைத் தேட வேண்டியிருக்கிறது. மருத்துவரிடம் போய், யாரோ ஒருவருடைய கனவு என்று சொல்லி விளக்குகிறான். இந்த மனம்-உடல் சிக்கல் 50-இல் கிடையாது. இது 1964-இல் வந்த முதல் ஆண்டு மலரில் இருக்கிறது. சினிஸ்டர் சிக்ஸ் என்று ஆறு வில்லன்கள் சேரும் கதை, சேர்ப்பவன் இந்தப் படத்தின் வில்லனான அதே டாக்டர் ஆக்டோபஸ். அங்கிள் பென்னின் சாவுக்குத் தானே காரணம் என்று பீட்டர் குமைந்துகொண்டிருக்கும்போது சக்தி போய்விடுகிறது. ஆன்ட்டி மேயையும் தான் விரும்பும் பெட்டி பிராண்டையும் கடத்தியிருக்கிறார்கள் என்று தெரிந்ததும், சக்தி இல்லாமலேயே அந்த ஆறு பேரில் ஒருவனான எலக்ட்ரோவுக்கு முன்னால் போய் நிற்கிறான். மின்னல் பாய்கிறது, உடம்பு தானாக விலகுகிறது. சக்தி எங்கும் போகவில்லை, மனசுதான் மூடிவைத்திருந்தது.

சண்டை நிறைந்த அந்த மலரை ஆறு வில்லன்களுக்காகத்தான் எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். படத்தின் நடுப்பகுதி முழுவதும் அதன் ஆரம்பத்தில் வரும் சில பக்கங்களின் மேல்தான் நிற்கிறது. திரைக்கதை எழுதிய ஆல்வின் சார்ஜென்ட்டோ, கதையில் கைவைத்த மற்றவர்களோ அதை மேசையில் வைத்துக்கொண்டு எழுதினார்களா என்று நான் சொல்லவில்லை. அடித்தளம் ஒன்று என்கிறேன்.

மே 10, பின்னிரவு

விட்டுப்போன ஒன்று. காமிக்ஸில் வலை பீச்சும் கருவியை பீட்டரே செய்து மணிக்கட்டில் கட்டியிருப்பான். படத்தில் வலை அவன் உடம்பிலிருந்தே வருகிறது. 2002-இல் முதல் படம் வந்த காலத்திலிருந்து இதற்குத் திட்டு ஓயவில்லை. அவனுடைய அறிவைப் பறித்துவிட்டார்கள் என்ற அந்த வருத்தம் எனக்கும் உண்டு.

ஆனால் இரண்டாம் படத்துக்கு அது தேவைப்பட்டது. காமிக்ஸில் வலை நின்றால் குப்பி காலி என்று அர்த்தம். இந்தப் படத்தில் வலை நின்றால் இவனுக்குள் ஏதோ நின்றுவிட்டது என்று அர்த்தம். கட்டடங்களுக்கு நடுவில் பறந்துகொண்டிருப்பவன் வெறுங்கையை நீட்டிக்கொண்டு கீழே விழும் அந்த ஷாட், கருவி இருந்திருந்தால் வெறும் விபத்தாகப் போயிருக்கும்.

மே 12

இன்னொருவர் ஆக்டோபஸைக் கெடுத்துவிட்டார்கள் என்கிறார். “காமிக்ஸில் அவன் திமிர் பிடித்த வில்லன். படத்தில் பாவப்பட்ட மனுஷனாக்கி, மனைவியைக் கொன்று, கழுத்தில் ஒரு சிப்பையும் வைத்து, தப்பையெல்லாம் இரும்புக் கைகளின் தலையில் போட்டுவிட்டார்கள்” என்பது அவர் வாதம்.

பாதி ஒத்துக்கொள்கிறேன். 1963-இல் 3-ஆம் இதழில் ஓட்டோ ஆக்டேவியஸ் வரும்போதே ஆணவக்காரன்தான். கதிரியக்கப் பொருள்களைத் தூரத்திலிருந்து கையாள நான்கு கைகள் செய்து இடுப்பில் மாட்டியிருக்கிறான். வெடிப்பில் அவை உடம்போடு ஒட்டிவிடுகின்றன, மூளையிலும் சேதம். மனைவி கிடையாது. பிடிவாதக்காரத் தாய், கைநழுவிப் போன காதல் எல்லாம் பல வருடம் கழித்து வேறு ஆட்கள் எழுதிச் சேர்த்தவை. படத்தின் ஓட்டோ மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு கவிதையைப் பற்றிப் பேசுகிறார். பீட்டருக்குச் சாப்பாடு போட்டு, சோம்பேறியாக இருக்காதே என்று உரிமையோடு சொல்கிறார். பீட்டர் இதுவரை காணாத ஒரு தகப்பன் மாதிரி இருக்கிறார். இந்த ஆள் காமிக்ஸில் இல்லை, வாஸ்தவம்.

ஆனால் சிப் (இரும்புக் கைகள் அவர் மூளையை ஆளாமல் தடுப்பது) உடைந்தது எல்லாவற்றையும் மன்னித்துவிடுகிறது என்பதை ஏற்க முடியவில்லை. வரிசையைக் கவனித்துப் பாருங்கள். அணு இணைவுச் சோதனை கைமீறும்போது சிப் இன்னும் நல்ல நிலையில்தான் இருக்கிறது. ஸ்பைடர்-மேன் வந்து நிறுத்தச் சொல்கிறான். கூடம் முழுக்க இரும்பு பறந்துகொண்டிருக்கிறது. தானாகவே அடங்கிவிடும் என்று ஓட்டோ மறுக்கிறார். அந்த மறுப்பில்தான் அவர் மனைவி ரோஸி சாகிறாள். அந்த நிமிடத்தில் அவர் 3-ஆம் இதழின் ஓட்டோவேதான், அதே ஆணவம். இரும்புக் கைகளுக்கு அதில் பங்கில்லை.

அடுத்து ஆற்றங்கரையில் பாழடைந்த துறை. நான்கு கைகளும் அவர் முகத்தைச் சுற்றி வளைந்து நிற்கின்றன. அவை பேசுவது நமக்குக் கேட்காது, அவர் பதில் மட்டும்தான் கேட்கும். முதலில் செத்துவிடலாம் என்கிறார். அப்புறம் தன் கணக்கு தப்பாக இருக்க முடியாது, இன்னும் பெரிதாகக் கட்டலாம் என்கிறார். ஓட்டோவாக வரும் ஆல்ஃபிரட் மொலினா அதை ஒரு முழுக் குடிகாரன் “இன்னும் ஒன்றே ஒன்று” என்று தன்னையே சம்மதிக்க வைப்பது போலச் செய்கிறார். ஒத்துக்கொள்கிற வாய் அவருடையதுதான்.

மருத்துவமனைக் காட்சியை மட்டும் தனியாகச் சொல்லியாக வேண்டும். ரெய்மி திகில் பட ஆள் என்பது அங்கே கொட்டிக்கிடக்கிறது. ரம்பத்தோடு மருத்துவர் குனிகிறார், ஒரு கை மெல்ல எழுந்து பார்க்கிறது, அப்புறம் அலறலும் நிழலும். ஒரு பெண்ணைத் தரையோடு இழுத்துப்போகையில் விரல்நகங்கள் தரையில் கோடு கிழிக்கின்றன. ஆரம்ப இதழ்களை வரைந்த ஸ்டீவ் டிட்கோ தன் கட்டங்களில் அந்தக் கைகளை எப்போதும் தனி மிருகங்கள் போலத்தான் வரைந்தார். ஓட்டோவின் முகம் அசையாமல் இருக்கும், கைகள் மட்டும் அறை முழுக்க ஆளுக்கொரு வேலை செய்துகொண்டிருக்கும். அந்தப் பயத்தைப் படம் சரியாகப் பிடித்திருக்கிறது.

மே 13

ஆக்டோபஸ் பற்றி இன்னும் ஒரு வரி. படத்தின் முடிவில் ஓட்டோ மனம் திரும்பி, தன் எந்திரத்தைத் தானே ஆற்றில் மூழ்கடித்துச் சாகிறார். காமிக்ஸில் அவனுக்கு அப்படியொரு முடிவு 50 வருடம் கழித்துத்தான் கிடைத்தது. 2012-இல், 698 முதல் 700 வரையிலான இதழ்களில் பீட்டரின் உடம்பை ஆக்டோபஸ் பறித்துக்கொள்கிறான். அதைத் தொடர்ந்து டான் ஸ்லாட் எழுதிய ‘சுப்பீரியர் ஸ்பைடர்-மேன்’ தொடரில் அந்த உடம்போடு நாயகனாக வாழ்ந்து பார்க்கிறான். 2014-இல், பீட்டர்தான் மேலானவன் என்று ஒப்புக்கொண்டு உடம்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டு மறைகிறான். படம் காமிக்ஸைக் கெடுத்தது என்பவர்கள் அந்தத் தொடரை அவசியம் படிக்க வேண்டும்.

மே 15

இனி நான் எழுத நினைத்த விஷயம்.

நான் படத்தை முதலில் பார்த்தவன், இதழ்களைப் பின்னால் படித்தவன். பள்ளியில் படிக்கும்போது பார்த்த ரயில் காட்சிதான் எனக்கு ஸ்பைடர்-மேன். முகமூடியைக் கழற்றிவிட்டு, நிற்காமல் ஓடும் ரயிலின் முன்பக்கத்தில் ஒட்டிக்கொள்கிறான். முதலில் காலை ஊன்றிப் பார்க்கிறான், தண்டவாளக் கட்டைகள் சிதறுகின்றன, பலனில்லை. இரண்டு பக்கக் கட்டடங்களுக்கும் வலையை வீசி, கைக்கு ஐந்தாறு இழைகளாகப் பிடித்து இழுக்கிறான். பீட்டராக வரும் டோபி மெக்வயரின் முகம் கோணுகிறது, தோளில் உடை கிழிகிறது. பாதை முடியும் விளிம்பில் ரயில் நிற்கிறது. மயங்கி முன்னால் சாய்கிறான், உள்ளேயிருந்து கைகள் வந்து நெஞ்சில் தாங்குகின்றன. தலைக்கு மேலே கைமாற்றிக் கைமாற்றி உள்ளே கொண்டுபோய்த் தரையில் படுக்கவைக்கிறார்கள். ஒருவர் முகத்தைப் பார்த்துவிட்டு, இவன் சின்னப் பையன், என் மகன் வயசுகூட இருக்காது என்கிறார். இரண்டு சிறுவர்கள் முகமூடியைத் திருப்பிக் கொடுத்து, யாரிடமும் சொல்ல மாட்டோம் என்கிறார்கள்.

இதன் காமிக்ஸ் மூலம் 33-ஆம் இதழ் என்று எங்கோ படித்துவிட்டு அதைத் தேடி எடுத்தேன். 1966 பிப்ரவரி. அந்தக் காலத்தில் கதையமைப்பும் டிட்கோவுடையது என்று இதழிலேயே அச்சிட்டிருப்பார்கள். ஆற்றுக்கு அடியில் ஆக்டோபஸின் மறைவிடம். பீட்டரின் மேல் மலையளவு எந்திரம் சரிந்து கிடக்கிறது. கூரை ஒழுகுகிறது, தண்ணீர் ஏறுகிறது. கைக்கு எட்டாத தூரத்தில் ஒரு குப்பி. ஆன்ட்டி மேயைப் பிழைக்க வைக்கக்கூடிய மருந்து அதில்தான் இருக்கிறது. அவருக்கு நோய் வந்ததே இவனால்தான். 10-ஆம் இதழில் இவன் கொடுத்த ரத்தத்தில் இருந்த கதிரியக்கம் அவர் உடம்பில் விஷமாகிவிட்டது. அங்கிள் பென்னைத் தவறவிட்டவன், இப்போது இரண்டாவது ஆளையும் தன்னாலேயே இழக்கப்போகிறான்.

பக்கம் பக்கமாக அவன் அந்த இரும்பைத் தூக்குவதுதான் கதை. முதலில் சின்னக் கட்டங்கள். முதுகு, நெற்றி, நீர்த்துளி. தோற்கிறான். மறுபடி முயல்கிறான். அவன் நிமிர நிமிரக் கட்டங்களும் பெரிதாகின்றன. கடைசியில் ஒரு முழுப்பக்கம், எந்திரம் பறக்கிறது.

நான் எதிர்பார்த்துப் போனது கூட்டத்தை. அங்கே யாருமே இல்லை. பார்க்க, தாங்க, தூக்கிப்போக ஒருவரும் இல்லை. தூக்கி எறிந்தபின் தண்ணீர் அடித்துக்கொண்டு வருகிறது. தள்ளாடிக்கொண்டே அடியாட்களோடு மோதுகிறான், மருந்தை டாக்டர் கானர்ஸிடம் சேர்க்கிறான். படத்தில் கல்லூரிப் பேராசிரியராக வருகிற அதே கானர்ஸ்தான். அப்புறம் அடிபட்ட முகத்தோடு படங்களை விற்க ஜேமிசனிடம் போகிறான். பெட்டி அந்தக் காயங்களைப் பார்த்துப் பயந்து, இந்த வாழ்க்கை தன்னால் முடியாது என்று ஓடிவிடுகிறாள். அவன் செய்ததற்குக் கிடைத்தது அதுதான்.

என் பதில் இதுதான். படம் காமிக்ஸிலிருந்து உண்மையாக விலகுவது வலையிலும் இல்லை, ஆக்டோபஸின் மனைவியிலும் இல்லை. டிட்கோவின் பீட்டர் செய்ததை யாரும் பார்ப்பதில்லை. ரெய்மியின் பீட்டர் பார்க்கப்படுகிறான். அந்த ஒரு மாற்றம் படத்தின் எல்லா மூலைக்கும் பாய்கிறது.

மே 15, சற்றுப் பின்

கணக்குப் போட்டுப் பார்த்தால் தெரியும். ரயில் பயணிகள், நண்பன் ஹாரி, ஓட்டோ, காதலி மேரி ஜேன் என்று படம் முடிவதற்குள் நான்கு தரப்புக்கு முகமூடி இல்லாத முகம் தெரிந்துவிடுகிறது. ஆன்ட்டி மேயும் வாய்விட்டுச் சொல்லாமல் ஊகித்துவிட்டார் என்றுதான் நான் அந்த வீடு காலிசெய்யும் காட்சியை எப்போதும் புரிந்துகொள்கிறேன்.

இதற்கு நேர் எதிர்க் கட்டம் காமிக்ஸிலேயே இருக்கிறது. 12-ஆம் இதழ், 1964. காய்ச்சலில் பீட்டர் துவண்டு கிடக்கிறான், ஆக்டோபஸ் எல்லோர் முன்னாலும் முகமூடியைப் பிடுங்குகிறான். ஜேமிசன் பார்க்கிறார், பெட்டி பார்க்கிறாள். ஒருவரும் நம்பவில்லை! பெட்டியைக் காப்பாற்ற இந்தப் பையன் அசட்டுத் துணிச்சலில் வேஷம் போட்டு வந்திருக்கிறான் என்று முடிவு கட்டுகிறார்கள். முகம் வெட்டவெளிச்சமாகியும் அவன் கண்ணில் படவில்லை. ரயிலில் ஊர் பேர் தெரியாதவர்கள் ஒரே பார்வையில் புரிந்துகொள்கிறார்கள்.

மே 18

“அப்படியானால் படம் இளகிய படம், 33-தான் உயர்ந்தது, அப்படித்தானே?” என்று கேட்கிறார்கள்.

இதை யோசித்துக்கொண்டே ரயில் காட்சியை மட்டும் தனியாக மறுபடி ஓட்டிப் பார்த்தேன். 33-ஐப் படித்த புதிதில் படம் எனக்குக் கொஞ்சம் சின்னதாகிப் போனது உண்மை. தனியாகத் தூக்குவதில் ஒரு நேர்மை இருக்கிறது, கூட்டம் வந்துவிட்டால் அது கைதட்டல் கேட்பதாக ஆகிவிடுகிறது என்று நினைத்தேன். இன்று அப்படித் தோன்றவில்லை.

காரணம், அந்தக் காட்சி பயணிகள் அவனைத் தாங்குவதோடு நிற்பதில்லை. ஆக்டோபஸ் திரும்பி வருகிறார். நிற்கத் தெம்பில்லாத பையனுக்கு முன்னால் ஒருவர் எழுந்து வந்து நிற்கிறார், என்னைத் தாண்டித்தான் போக வேண்டும் என்கிறார். பின்னாலேயே இன்னொருவர், இன்னொருவர். ஆக்டோபஸ் அவர்களை இரண்டு பக்கமும் ஒதுக்கித் தள்ளிவிட்டு அவனைத் தூக்கிக்கொண்டு போய்விடுகிறார். அவர்களால் எதையும் தடுக்க முடியவில்லை. ஆனால் எழுந்து நின்றார்கள். முகம் தெரிந்தபின்தான் நின்றார்கள்.

காமிக்ஸில் பொறுப்பு என்பது அவன் ஒருவனுக்கு மட்டும் உரியது. 1962-இல் ‘அமேஸிங் ஃபேன்டஸி’ 15-ஆம் இதழின் கடைசிக் கட்டத்தில், பெரும் சக்தியோடு பெரும் பொறுப்பும் வந்தாக வேண்டும் என்ற வரி வரும். அதைச் சொல்வது அங்கிள் பென் இல்லை. இருட்டில் தனியாக நடந்துபோகும் பையனின் தலைக்கு மேல் கதைசொல்லியின் குரலாக வரும். கேட்க ஆளில்லை. படமோ அந்தப் பொறுப்பு ஒரு ரயில்பெட்டி முழுக்கத் தொற்றிக்கொள்வதைக் காட்டுகிறது. இரண்டும் இரண்டு நம்பிக்கைகள். எனக்கு இரண்டும் வேண்டும்.

மே 19

சின்னக் குறிப்பு. பீட்டரிடம் வாடகை கேட்டு விரட்டும் வீட்டுக்காரரின் பெயர் டிட்கோவிச். ஸ்டீவ் டிட்கோவின் பெயரிலிருந்து வந்தது என்பது கேட்டவுடனே தெரியும். அவருடைய மகள் உர்சுலா ஒரு துண்டு சாக்லேட் கேக்கும் ஒரு டம்ளர் பாலும் கொண்டுவந்து தருவாள். அவ்வளவுதான் காட்சி. கதைக்கு அது தேவையே இல்லை. எனக்கு இந்தப் படத்தில் மிகப் பிடித்த ஐந்து நிமிடங்களுக்குள் அது உண்டு.

மே 21

ஆன்ட்டி மே பற்றி ஒருவரும் கேட்கவில்லை, நானே எழுதிவிடுகிறேன்.

பழைய இதழ்களில் அவர் எப்போதும் படுக்கையில் விழும் நிலையில்தான் இருப்பார், அவருக்கு அதிர்ச்சி தாங்காது என்பதுதான் ரகசியத்துக்கே காரணம் என்ற நினைப்பு பரவலாக இருக்கிறது. 18-ஆம் இதழைப் படித்தால் அந்த நினைப்பு மாறும். 1964 நவம்பர். மே ஆஸ்பத்திரியில், ஊர் முழுக்க ஸ்பைடர்-மேனைக் கோழை என்கிறது, பீட்டர் விட்டுவிடும் முடிவில் இருக்கிறான். 50-க்கு மூன்று வருடம் முந்தியே! அங்கே அவனை நிமிர்த்துவது மேதான். நான் அவ்வளவு சுலபத்தில் கைவிடுகிற ஆள் இல்லை, வாழ்க்கையில் திடம் வேண்டும் என்று அவர் பேசுகிறார். தன் எதிரில் இருப்பவன் யாரென்று தெரியாமலேயே. படத்தில் வீட்டைக் காலிசெய்யும்போது, பக்கத்து வீட்டு ஹென்றியைச் சாக்காக வைத்து, நம் எல்லோருக்குள்ளும் ஒரு நாயகன் இருக்கிறான் என்று மேயாக வரும் ரோஸ்மேரி ஹாரிஸ் பேசுவது இதன் தொடர்ச்சிதான். வித்தியாசம் ஒன்றே: இந்த மே யாரிடம் பேசுகிறோம் என்று தெரிந்து பேசுகிறார்.

அதற்கு முன்னால் வரும் சமையலறைக் காட்சி இன்னும் பெரிது. பின்னால் அங்கிள் பென்னைக் கொன்ற திருடனை அன்று தப்ப விட்டது நான்தான் என்று பீட்டர் சொல்லிவிடுகிறான். மேயின் கை அவன் கையின் மேல் இருக்கிறது. அவன் சொல்லி முடித்ததும் அந்தக் கையை மெதுவாக உருவிக்கொள்கிறார். ஒரு வார்த்தை இல்லை. எழுந்து மாடிக்குப் போகிறார்.

காமிக்ஸில் இந்தப் பேச்சு நடக்க 40 வருடம் ஆனது. 2002-இல், ஸ்ட்ராசின்ஸ்கி எழுதி இளைய ரொமிட்டா வரைந்த இரண்டாம் தொகுதியின் 38-ஆம் இதழ். மே அவனுடைய கிழிந்த உடையையும் காயங்களையும் பார்த்துவிட்டார், இருவரும் உட்கார்ந்து பேசுகிறார்கள். ஒரு இதழ் முழுக்கப் பேச்சு, ஒரு குத்துகூட இல்லை. அவன் தன் குற்றத்தைச் சொல்கிறான். பதிலுக்கு மே, அன்று பென்னோடு நடந்த சண்டையைச் சொல்கிறார், தானும் இத்தனை வருடம் தன்னையே குற்றவாளியாக நினைத்து வந்ததைச் சொல்கிறார். ஒரே சாவை இரண்டு பேர் தனித்தனியாகச் சுமந்திருக்கிறார்கள்.

இந்த ஒரு இடத்தில் காமிக்ஸ் எனக்குப் படத்தைவிட மேலே. படத்தின் மே மன்னிப்பவர். 38-இன் மே கூடவே சுமந்தவர். ஆனால் கை விலகும் அந்த ஷாட் காமிக்ஸில் கிடையாது. அசைவு வேண்டும் அதற்கு.

மே 21, தொடர்ச்சி

வங்கிச் சண்டையில் மே குடையால் ஆக்டோபஸை அடிப்பதை வெறும் சிரிப்புக் காட்சி என்கிறார்கள். முதல் ஆண்டு மலரில் கடத்திப்போன ஆக்டோபஸை இவ்வளவு மரியாதையான மனிதரா என்று மே மெச்சுவார். 131-ஆம் இதழில், 1974-இல், அவனையே கல்யாணம் செய்துகொள்ளும் அளவுக்குப் போய்விடுவார். அணு உலை இருக்கும் ஒரு தீவு அவர் பேருக்கு வந்திருக்கும், மாப்பிள்ளைக்குக் கண் அதன் மேல். இதெல்லாம் தெரிந்தவர்களுக்கு அந்தக் குடையடி 40 வருடத்துப் பாக்கி.

மே 24

ஜேமிசனை மறந்துவிட்டோம். 50-இல் உடையை ஒரு சிறுவன் குப்பையிலிருந்து எடுத்துக் கொண்டுவருகிறான், படத்தில் குப்பை அள்ளுபவர் கொண்டுவருகிறார். இரண்டிலும் அது போய்ச் சேருவது ஜேமிசனிடம், பீட்டர் திரும்ப எடுப்பதும் அவரிடமிருந்துதான். ஜேமிசனாக வரும் ஜே. கே. சிம்மன்ஸ் ஒரு நிமிடம் சுவரைப் பார்த்துக்கொண்டு, அவன் நாயகன்தான், எனக்குத்தான் தெரியாமல் போனது என்பார். திரும்பினால் உடையைக் காணோம், உடனே “திருடன்!”. பார்வையாளர்கள் சிரித்துவிடுகிறார்கள். 10-ஆம் இதழின் முடிவில் ஜேமிசன் தனியாக உட்கார்ந்து இதைவிடக் கசப்பாக ஒப்புக்கொள்வார்: அவன் அளவுக்கு நான் உயர முடியாது, அதனால்தான் அவனைக் கீழே இழுக்கிறேன் என்று. அந்தக் கசப்பைப் படம் தொடவில்லை. தொட்டிருக்கலாம்.

2007-இல் வந்த நீட்டிய பதிப்பில் ஜேமிசன் அந்த உடையைத் தானே போட்டுக்கொண்டு மேசைமேல் குதிக்கும் காட்சி இருக்கிறது. அதை வெட்டியது நல்லது. சிரிப்பு வருகிறது, ஆனால் அதன் பிறகு அவர் வருந்துவதை நம்ப முடியாது.

மே 27

மேரி ஜேனைப் பற்றி நீளமாகக் கேட்டிருந்தவருக்குச் சுருக்கமாக. 42-ஆம் இதழில், 1966-இல், கதவைத் திறந்ததும் நிற்கிற அந்த மேரி ஜேன் படத்தில் இல்லை. அவள் கவலையே படாத கொண்டாட்டக்காரி. கிர்ஸ்டன் டன்ஸ்ட்டின் மேரி ஜேனில், காமிக்ஸில் பீட்டரின் இன்னொரு காதலியான க்வென் ஸ்டேஸியின் மென்மையும் பெட்டியின் பயமும் கலந்திருக்கின்றன. ஆனால் வலையின் நடுவில் அவன் முகத்தைப் பார்த்துவிட்டு, எனக்கு எப்போதுமே தெரிந்திருந்தது போலிருக்கிறது என்கிறாளே, அது சுத்தமான காமிக்ஸ். 257-ஆம் இதழில், 1984-இல், எனக்கு ரொம்ப நாளாகவே தெரியும் என்று அவள் போட்டு உடைக்கிறாள். 1989-இல் ஜெரி கான்வே எழுதிய ஒரு தனி நூல் இன்னும் பின்னால் போய், அங்கிள் பென் இறந்த அன்று இரவே அவள் பார்த்துவிட்டாள் என்று வைத்தது. அதைப் படித்தபின் 42-ஐத் திரும்ப எடுத்தால் அந்தக் கொண்டாட்டமெல்லாம் நடிப்பாகத் தெரியும்.

மே 30

பார்க்கப்படுவது பற்றி எழுதினேனே, அதில் ஒரு இதழ் சேர்க்க வேண்டும். இல்லையென்றால் காமிக்ஸ் அவனை முழுக்கத் தனியாகவே விட்டுவிட்டது என்று யாராவது எடுத்துக்கொள்வார்கள்.

90-ஆம் இதழ், 1970 நவம்பர். கூரைமேல் ஆக்டோபஸோடு சண்டை. பீட்டர் செய்த ஒரு வேலையால் இரும்புக் கைகள் கட்டுப்பாடு இழந்து கண்டபடி அடிக்கின்றன, புகைபோக்கி உடைந்து தெருவில் விழுகிறது. கீழே ஒரு சிறுவன். க்வென்னின் அப்பா, ஓய்வுபெற்ற போலீஸ் அதிகாரி ஜார்ஜ் ஸ்டேஸி, சிறுவனைத் தள்ளிவிட்டு இடிபாட்டுக்குள் சிக்குகிறார். ஸ்பைடர்-மேன் அவரைத் தூக்கிக்கொண்டு கூரைகளைத் தாண்டிப் போகிறான். வழியில் அவர் பேசுகிறார். க்வென்னைப் பார்த்துக்கொள் என்கிறார். பீட்டர் என்று பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்.

அவருக்குத் தெரிந்திருக்கிறது. எத்தனையோ இதழ்களாக அவர் அவனை ஒரு மாதிரியாகப் பார்ப்பதும், குறுக்குக் கேள்வி கேட்பதும், அப்புறம் விட்டுவிடுவதுமாக இருப்பார். அத்தனைக்கும் அர்த்தம் அந்தக் கட்டத்தில் வந்து சேர்கிறது. தெரிந்தும் காட்டிக்கொடுக்காமல், தன் மகளை அவனோடு பழக விட்டிருக்கிறார்.

ரயிலில் ஒரு கூட்டம் கொடுத்ததை இங்கே சாகப்போகிற ஒரே ஒரு மனிதர் கொடுத்துவிட்டுப் போகிறார். ஆனால் விலை வேறு. ரயில் பயணிகள் வீட்டுக்குப் போய்விடுவார்கள். ஸ்டேஸியின் சாவுக்கு ஸ்பைடர்-மேன்தான் காரணம் என்று க்வென் நம்புவாள், அவளை அணைத்து ஆறுதல் சொல்லும் பீட்டரால் வாயைத் திறக்க முடியாது. ரெய்மி இந்த இதழைப் படமாக்கியிருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று அடிக்கடி நினைப்பேன். ஆக்டோபஸ் கையில் இருந்தார், மொலினா இருந்தார். அந்த இரண்டு மணி நேரத்துக்குள் அதற்கு இடம் இருந்திருக்காது, ஸ்டேஸியை முதல் படத்திலேயே கொண்டுவந்து, நமக்கு அவரைப் பழக்கப்படுத்தியிருக்க வேண்டும்.